ஸ்கூபா சான்றட்டை: பேணுவதும், தொலைந்தால் மீட்பதும், கேட்ட இடத்தில் மெய்ப்பிப்பதும்

ஸ்கூபா டைவிங் பயிற்சியை முடித்தவருக்குப் பயிற்சி அமைப்பு வழங்கும் அடையாள அட்டையை டைவ் சென்டர்களில் ‘சி-கார்டு’ என்று அழைக்கிறார்கள். வழிகாட்டியின் கையைப் பிடிக்காமல் சுற்றுவதற்குப் படகில் இடம் கேட்டாலும், காற்று நிரப்பிய சிலிண்டரை வாடகைக்குக் கேட்டாலும், அடுத்த நிலைப் பயிற்சியில் சேர வந்தாலும் முதலில் கேட்கப்படுவது இந்த அட்டைதான். இது அரசு தரும் உரிமம் அன்று. பெரும்பாலான நாடுகளில் இதைக் கட்டாயமாக்கும் சட்டமும் இல்லை. டைவ் சென்டர்கள் தாங்கள் சார்ந்திருக்கும் பயிற்சி அமைப்பின் விதிகளுக்கும் தங்கள் காப்பீட்டு நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட்டே இதைக் கேட்கின்றன. ஆகவே, அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்து, ‘எனக்கு நன்றாகத் தெரியும்’ என்று வரவேற்பு மேசையில் வாதிடுவதால் பயனில்லை. மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு விட்டுக்கொடுக்கும் உரிமையே பெரும்பாலும் இருப்பதில்லை.

வங்கிக் கணக்குக்குப் பாஸ்புக் எப்படியோ, பயிற்சி அமைப்பின் பதிவேட்டுக்கு இந்த அட்டை அப்படி. பதிவேட்டில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் நிலையும் சரியாக இருந்தால், அட்டை கடலிலேயே போனாலும் சில நிமிடங்களில் வேறொன்றைப் பெறலாம். பதிவு பிழையாக இருந்தாலோ, பதிவே ஏறாமல் போயிருந்தாலோ, கையில் பளபளப்பான அட்டை இருந்தும் அலைய நேரும். புதியவர்கள் அட்டையைப் பாதுகாக்க எடுக்கும் அக்கறையில் பாதியையாவது பதிவின் மீது வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை வலியுறுத்துவது.

உங்களிடம் இருப்பது சான்றட்டைதானா?

முதலில் இதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அந்தமானின் ஹேவ்லாக் தீவிலும், கோவாவின் கிராண்டே தீவிலும், கர்நாடகத்தில் முருதேஸ்வருக்கு எதிரே உள்ள நேத்ராணியிலும் சுற்றுலாப் பயணிகள் பலர் முதன்முதலாகக் கடலுக்குள் இறங்குகிறார்கள். பயிற்றுநர் பிடித்துக்கொள்ள, சிறிது நேரம் பவளப்பாறையைப் பார்த்துவிட்டு மேலே வந்ததும் ஒளிப்படமும் பெயர் அச்சிட்ட ஒரு சான்றிதழும் கிடைக்கும். அது அறிமுக அனுபவத்தில் கலந்துகொண்டதற்கான நினைவுச் சான்று மட்டுமே. அதைக் காட்டி வேறெங்கும் தனியாக டைவ் செய்ய இயலாது.

உண்மையான சான்றட்டைக்குப் பின்னால் பாடம், குளத்தில் பயிற்சி, தேர்வு, கடலில் பல டைவ்கள் என்று சாதாரணமாக மூன்று நான்கு நாள்கள் நீளும் படிப்பு இருக்கும். அட்டையில் நிலையின் பெயர், சான்றளித்த தேதி, பயிற்றுநரின் பெயரும் எண்ணும், உங்களுக்குரிய எண் ஆகியவை இடம்பெறும். ‘ஓப்பன் வாட்டர் டைவர்’ என்று இருந்தால் 18 மீட்டர் வரை, அதே அளவு தகுதியுள்ள துணையோடு செல்லலாம். வெறும் ‘ஸ்கூபா டைவர்’ என்று இருந்தால், ஒரு தொழில்முறை வழிகாட்டியின் கண்காணிப்பில் 12 மீட்டர் வரை மட்டுமே. இவ்விரண்டின் பெயர்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால், பயணத்துக்குப் பணம் கட்டிய பிறகு ஏமாற்றமடைகிறவர்கள் இருக்கிறார்கள்.

தீவை விட்டுக் கிளம்பும் முன்

முன்பெல்லாம் பயிற்றுநர் ஒரு காகிதப் படிவத்தை நிரப்பி, ஒளிப்படம் ஒட்டித் தபாலில் அனுப்புவார். மாணவருக்குத் தற்காலிக அட்டை ஒன்று கையில் தரப்படும். பிளாஸ்டிக் அட்டை வீடு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். இப்போது ‘பாடி’ (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) போன்ற பெரிய பயிற்சி அமைப்புகளில் பயிற்றுநர் இணையத்தில் பதிவேற்றியதுமே மின்னட்டை மாணவரின் கணக்குக்கு வந்துவிடுகிறது. பிளாஸ்டிக் அட்டை வேண்டுமென்றால் தனியாகக் கேட்டுப் பெற வேண்டிய நிலை பரவலாகிவிட்டது. வசதி கூடியிருக்கிறது. ஆனால், பயிற்றுநர் பதிவேற்ற மறந்தால் உங்களுக்கு அது தெரியாமலே போகும் ஆபத்தும் கூடியிருக்கிறது.

ஆகையால் கடைசி டைவ் முடிந்து உபகரணங்களைக் கழுவி வைத்ததும், உங்கள் முன்னிலையிலேயே பதிவேற்றும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல பயிற்றுநர்கள் அதை விரும்பவே செய்வார்கள். படிவத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் சென்டரின் முகவரியையோ, கூட வந்த நண்பரின் முகவரியையோ தட்டிவிட்டால், பின்னாளில் உங்கள் கணக்கை உங்களாலேயே திறக்க முடியாது. அலுவலக முகவரியும் வேண்டாம். வேலை மாறினால் அது போய்விடும். மின்னட்டை வந்ததும் பெயர், பிறந்த தேதி, நிலை, ஒளிப்படம் நான்கையும் அங்கேயே சரிபார்த்துவிட்டால், திருத்தம் செய்ய வேண்டியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்.

பெயரும் இனிஷியலும்

தமிழர்களுக்கு இங்கே தனியான ஒரு சிக்கல் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கந்தசாமியின் மகன் முருகன் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் கே. முருகன். ஆதாரில் முருகன் கே. பாஸ்போர்ட்டில் ‘கொடுத்த பெயர்’ என்ற இடத்தில் முருகனும் ‘குடும்பப் பெயர்’ என்ற இடத்தில் கந்தசாமியும் இருக்கலாம்; அல்லது குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கலாம். பயிற்சி அமைப்புகளின் படிவங்களோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டையும் கேட்கின்றன. ஒன்றை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே செல்ல விடாதவையும் உண்டு. பயிற்றுநர் என்ன செய்வார்? ஒற்றை எழுத்தைக் கடைசிப் பெயராக இடுவார், அல்லது ஒரு புள்ளியை வைப்பார், அல்லது முருகன் முருகன் என்று இருமுறை அடிப்பார். அடுத்த ஆண்டு மாலத்தீவில் ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து முருகன் கந்தசாமி என்று தேடும்போது, பதிவேட்டில் அப்படி ஒருவரே இருக்க மாட்டார்.

இதற்கு எளிய விதி ஒன்றுண்டு: பாஸ்போர்ட்டில் எப்படியோ, பயிற்சிப் பதிவிலும் அப்படியே. உள்நாட்டில் மட்டும் டைவ் செய்யப்போவதாக இன்று நினைத்தாலும் இதையே பின்பற்றுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவரும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவரும் இனிஷியலை விரித்துத் தந்தையின் முழுப்பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுப்பது நல்லது. எந்த வடிவத்தைக் கொடுத்தீர்களோ அதை ஆங்கில எழுத்துக்கூட்டலோடு குறித்துவைத்துக்கொண்டு, பின்னர் எந்த ஊரில் எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும் அதையே கொடுங்கள். ஒரே பெயரை ஒரு முறை ‘எச்’ சேர்த்தும் மறுமுறை சேர்க்காமலும் எழுதியதால் ஒருவருக்கே இரண்டு கணக்குகள் உருவாகி, அடிப்படைச் சான்று ஒன்றிலும் மேல்நிலைச் சான்று மற்றொன்றிலுமாகக் கிடப்பது உண்டு. அப்படி நேர்ந்திருந்தால் இரு எண்களையும் குறிப்பிட்டு, கணக்குகளை ஒன்றிணைக்கும்படி அமைப்புக்கு எழுதலாம். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்டவர்களும் புதிய அடையாளச் சான்றை இணைத்துப் பதிவைத் திருத்திக்கொள்ளலாம். அதுவரை பழைய பெயருள்ள ஓர் ஆவணத்தை உடன் வைத்திருப்பது பாதுகாப்பு.

பிறந்த தேதியிலும் இதே போன்ற பொறி உண்டு. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். ஏப்ரல் 5-இல் பிறந்தவர் மே 4-இல் பிறந்தவராகிவிடுவது இப்படித்தான். தேதி 12-ஐத் தாண்டியவர்கள் தப்பித்தார்கள், ஏனெனில் கணினியே மறுத்துவிடும். பதிவேட்டில் தேடுவதற்குப் பெயரோடு பிறந்த தேதியும் வேண்டியிருப்பதால் இந்தச் சிறு பிழை பெரிதாகிவிடுகிறது.

எதை, எங்கே வைத்திருப்பது

மின்னட்டையைச் செயலியில் மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடிக் கண்ணாடியிழை வடம் திறக்கப்படும் வரை, ஹேவ்லாக்கில் ஒரு பக்கம் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்று நிலைமை மாறியிருந்தாலும், கரையிலிருந்து விலகிய படகில் சிக்னல் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. அட்டையின் இருபுறத்தையும் படமாகச் சேமித்துக் கைப்பேசியிலேயே வையுங்கள். அதே படத்தை உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பிக்கொள்ளுங்கள். ஒரு காகித நகலைப் பாஸ்போர்ட்டுடன் சேர்த்து வையுங்கள். கைப்பேசி கடலில் விழுவது இந்தப் பொழுதுபோக்கில் அரிதான நிகழ்வன்று. பிளாஸ்டிக் அட்டை வைத்திருப்பவர்கள் அதை டைவ் செய்யும்போது மிதவைச் சட்டையின் பையில் செருகிக்கொள்ள வேண்டாம்; நீருக்கடியில் அதைக் கேட்பார் யாருமில்லை.

பல அட்டைகள் சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. மிக உயர்ந்த நிலைக்கான அட்டை, கீழ்நிலைகளுக்கும் சேர்த்துச் சான்றாகும். ஆனால் சிறப்புத் தகுதிகள் அதில் அடங்குவதில்லை. குறிப்பாக நைட்ராக்ஸ் எனப்படும் ஆக்சிஜன் செறிவூட்டிய காற்றுக்கு அதற்குரிய அட்டை தனியே வேண்டும். அதைக் காட்டாமல் அந்தச் சிலிண்டரைத் தர மாட்டார்கள். காரணம் வலுவானது. ஆக்சிஜன் விகிதம் கூடக்கூட, பாதுகாப்பாக இறங்கக்கூடிய ஆழம் குறையும். அந்தக் கணக்கு தெரியாதவருக்கு வலிப்பு வரக்கூடும்; நீருக்கடியில் வலிப்பு வந்தால் பிழைப்பது கடினம்.

சமூக ஊடகத்தில் அட்டையின் படத்தைப் பெருமையோடு பகிர்வதைப் பற்றி ஒரு வார்த்தை. பல அமைப்புகளின் அட்டைகளில் உங்கள் முழுப்பெயரும் பிறந்த தேதியும் எண்ணும் ஒளிப்படமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மீன்களோடு எடுத்த படத்தைப் போடுங்கள்; அட்டையை விட்டுவிடுங்கள்.

இவற்றோடு லாக்புக்கையும் சேர்த்தே பேண வேண்டும். ஒவ்வொரு டைவுக்கும் தேதி, இடம், ஆழம், நேரம் எழுதி, வழிகாட்டியின் கையொப்பமும் சென்டரின் முத்திரையும் பெறுங்கள். அட்டை நீங்கள் ஒரு காலத்தில் கற்றதைச் சொல்கிறது. கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்பதை லாக்புக்தான் சொல்லும்.

அட்டை தொலைந்தால்

முதல் படி, எந்த அமைப்பு சான்றளித்தது என்பதைக் கண்டறிவது. இது கேலியாகத் தோன்றலாம். ஆனால் பத்தாண்டுக்கு முன் கற்றவர்களில் பலருக்குச் சென்டரின் பெயர் நினைவிருக்கும், அமைப்பின் பெயர் நினைவிருக்காது. பழைய மின்னஞ்சல்களைத் தேடுங்கள். பாடப்புத்தகத்தின் அட்டையையும் லாக்புக் முத்திரைகளையும் பாருங்கள். இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கற்றவர்களுக்கு ‘பாடி’யாகவோ எஸ்.எஸ்.ஐ.யாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘நாவி’, எஸ்.டி.ஐ., ‘சிமாஸ்’, பிரிட்டனின் ‘பீசாக்’ ஆகியவையும் உண்டு.

இரண்டாவது படி, அந்த அமைப்பின் சொந்த இணையதளத்திலோ செயலியிலோ உள்நுழைவது. மின்னட்டை அங்கேயே காத்திருக்கலாம், எஸ்.எஸ்.ஐ. தன் செயலியில் அதைக் கட்டணமின்றியே காட்டுகிறது. பிளாஸ்டிக் அட்டை வேண்டுமானால் மாற்று அட்டைக்கு விண்ணப்பித்து, புதிய ஒளிப்படத்தை ஏற்றி, கட்டணத்தைச் செலுத்த வேண்டும். பதினைந்து வயதில் எடுத்த படத்தை முப்பத்தைந்து வயதிலும் காட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இணையத்துக்குப் பழகாதவர்கள் அதே அமைப்பைச் சேர்ந்த எந்த டைவ் சென்டர் மூலமாகவும் விண்ணப்பிக்கலாம். கற்ற இடத்துக்கே போக வேண்டியதில்லை.

கணக்கில் எதுவும் தென்படாவிட்டால், பதிவே இல்லை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இனிஷியல் முன்னே, பின்னே, விரித்து, சுருக்கி என்று பெயரின் எல்லா வடிவங்களையும், நாளும் மாதமும் இடம் மாறிய பிறந்த தேதியையும் குறிப்பிட்டு அமைப்பின் வட்டார அலுவலகத்துக்கு எழுதுங்கள். கற்ற மாதமும் ஆண்டும், ஊர், சென்டரின் பெயர், பயிற்றுநரின் பெயர், தெரிந்தால் அவருடைய எண் ஆகியவற்றையும் தாருங்கள். பயிற்றுநரின் எண் லாக்புக்கில் அவர் கையொப்பத்தருகே இருக்கும். அந்தச் சென்டர் மூடப்பட்டிருந்தாலும் கவலையில்லை; பதிவு அமைப்பிடம் இருக்கிறது.

அமைப்பே இல்லாமல் போனால்? அப்படியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் இயங்கிவந்த என்.ஏ.எஸ்.டி.எஸ். 1999-இல் எஸ்.எஸ்.ஐ.யோடு இணைந்தது, அந்த அட்டை வைத்திருந்தவர்கள் எஸ்.எஸ்.ஐ.யைத்தான் அணுக வேண்டும். 1959-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ.யின் ஸ்கூபா பயிற்சித் திட்டம் 2008-இல் நிறுத்தப்பட்டது. இவர்களைப் போன்றோர் பழைய அட்டை எவ்வளவு மங்கியிருந்தாலும் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது. ‘சிமாஸ்’ சான்று பெற்றவர்கள், அதை வழங்கிய நாட்டின் கூட்டமைப்பைத் தேடிப் போக வேண்டும். சான்றுகளை வழங்குவது அந்தந்த நாட்டுக் கூட்டமைப்புகள்தாம்.

மிகவும் சங்கடமான நிலை, பயிற்றுநர் பதிவேற்றவே இல்லை என்று தெரியவருவது. சில மாதங்களுக்குள் தெரிந்தால் சென்டருக்கு எழுதினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பதில் வராவிட்டால், கையொப்பமிட்ட லாக்புக் பக்கங்கள், கட்டண ரசீது, இணையவழிப் பாடத்தை முடித்த பதிவு ஆகியவற்றின் நகல்களோடு அமைப்பின் தரக் கண்காணிப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பாடத்தையும் குளப் பயிற்சியையும் சென்னையில் முடித்துவிட்டுக் கடல் டைவ்களை வேறிடத்தில் செய்ய நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும்: அவர்களிடம் இருப்பது பரிந்துரைப் படிவம், சான்றட்டை அன்று. ‘பாடி’யில் அந்தப் படிவம் 12 மாதங்களுக்கே செல்லும்.

போன இடத்தில் மெய்ப்பிப்பது

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே அட்டையின் படத்தையும் கடைசி டைவ் நடந்த தேதியையும் சென்டருக்கு அனுப்பிவிடுவதே சிறந்த வழி. சிக்கல் இருந்தால் வீட்டில் இருக்கும்போதே தெரியவரும். இரவு வந்திறங்கி, விடியற்காலைப் படகுக்கு முன் அட்டை இல்லையென்று கண்டுபிடிப்பவருக்கு, கலிஃபோர்னியாவில் இருக்கும் ‘பாடி’ தலைமையகம் வார இறுதியில் உதவிக்கு வராது.

‘பாடி’ சென்டர்கள் பெயரையும் பிறந்த தேதியையும் கொண்டு தங்கள் அமைப்பின் பதிவேட்டில் நேரடியாகத் தேட முடியும். ஆகவே ஒரே அமைப்பாக இருந்தால் அட்டை கையில் இல்லாமலும் காரியம் நடக்கலாம். புகைப்படத்துடன் கூடிய அடையாள ஆவணம் மட்டும் அவசியம். அமைப்பு வேறாக இருந்தால் அந்த வசதி கிடைக்காமல் போகலாம் என்பதால், அட்டையின் நகல் அப்போது இன்னும் முக்கியமாகிறது. மற்றபடி, ஓர் அமைப்பின் சான்றை மற்றொன்று ஏற்பது நடைமுறையில் வழக்கம்தான். ஓப்பன் வாட்டர் நிலைக்கு ஐ.எஸ்.ஓ. 24801-2 என்ற பன்னாட்டுத் தரம் இருப்பதால், பெயர்கள் வேறுபட்டாலும் நிலைகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.

எந்த இடத்துக்கு எந்த நிலை வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். ஓப்பன் வாட்டருக்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் அட்டை 30 மீட்டர் வரைக்குமானது. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்குச் சட்டப்படியே 30 மீட்டர்தான் எல்லை. ஆழ்நிலைச் சிறப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கும் 40 மீட்டரோடு பொழுதுபோக்கு டைவிங் முடிந்துவிடுகிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ‘ஹெர்மஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்கும் ஆசையோடு போகிறவர் தொழில்நுட்ப டைவிங் தகுதிக்கான அட்டையை எடுத்துச்செல்ல வேண்டும். ஓப்பன் வாட்டர் அட்டையோடு கெஞ்சுவது அவருக்கே நல்லதன்று.

‘என் அட்டைக்குக் காலாவதி உண்டா?’ என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. பொழுதுபோக்கு நிலைகளுக்குக் கிடையாது. டைவ்மாஸ்டர், பயிற்றுநர் போன்ற தொழில்முறை நிலைகளில் இருப்பவர்கள்தான் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆனால் அட்டை செல்லுபடியாவதும் படகில் ஏற்றப்படுவதும் ஒன்றல்ல. கடைசி டைவுக்குப் பிறகு ஆறு மாதமோ ஓராண்டோ கடந்திருந்தால், பல சென்டர்கள் ஆழமற்ற நீரில் ஒரு நினைவூட்டல் பயிற்சியைக் கேட்கும். அதற்கான கட்டணத்தை எண்ணிச் சிடுசிடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முகக்கண்ணாடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றும் பயிற்சியை 4 மீட்டரில் மறுபடி செய்து பார்ப்பது, 18 மீட்டரில் அது மறந்துபோனதை உணர்வதைவிட மலிவு என்பது என் கருத்து.

அட்டையோடு மருத்துவ வினாப்படிவமும் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை போன்றவை குறித்த கேள்விகள் அதில் இருக்கும். அவற்றுக்கு ‘ஆம்’ என்று பதிலளிக்க நேர்ந்தால் மருத்துவரின் கையொப்பம் கேட்கப்படும். தீவில் மருத்துவரைத் தேடி அலைவதைவிட, ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது.

குழந்தைகளோடு செல்வோருக்கு ஒரு குறிப்பு: 10 வயது முதல் 14 வயது வரை சான்று பெறுபவர்களுக்கு ‘ஜூனியர்’ அட்டை தரப்படும், ‘பாடி’யில் 10, 11 வயதினருக்கு 12 மீட்டர்தான் எல்லை, பெரியவர் ஒருவரும் உடன் செல்ல வேண்டும். 15 வயது நிறைந்ததும் மறுபயிற்சி இல்லாமலே முழு நிலைக்கு மாறலாம். அப்போது அட்டையையும் மாற்றிக்கொள்ளுங்கள். கல்லூரி மாணவர் ‘ஜூனியர்’ என்று அச்சிட்ட அட்டையை நீட்டினால் விளக்கம் சொல்லியே அரைமணி போகும்.

எதையும் காட்ட முடியாதபோது

பதிவும் கிடைக்கவில்லை, அட்டையும் இல்லை, லாக்புக் மட்டும் இருக்கிறது என்றால், சில சென்டர்கள் பயிற்றுநர் ஒருவருடன் ஆழமற்ற இடத்தில் ஒரு சோதனை டைவ் செய்துபார்த்து முடிவெடுக்கலாம். அது முழுக்க அவர்களுடைய விருப்பம். உரிமையாகக் கேட்க முடியாது. மறுத்துவிட்டால், சான்றில்லாதவர்களுக்கான அறிமுக டைவில் பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில் இறங்கலாம்.

நிலையான தீர்வு, ஓப்பன் வாட்டர் பயிற்சியை மறுபடி செய்வதுதான். பத்து நிமிடம் நீந்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘உங்களுக்குத்தான் தெரிகிறதே’ என்று அட்டைக்குப் பதிவேற்றித் தருவதாகச் சொல்லும் பயிற்றுநரை நம்ப வேண்டாம். பயிற்சியின் எல்லாக் கூறுகளையும் மாணவர் செய்துகாட்டிய பிறகே சான்றளிக்க வேண்டும் என்பது விதி. நாள்களை எண்ணுவதைவிட ஒவ்வொரு திறனையும் செய்துகாட்டுவதையே இந்தப் பயிற்சி அளவுகோலாகக் கொண்டிருப்பதால், முன்பே தெரிந்தவர் குளத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்காது. இம்முறை படிவத்தில் பெயரை நிரப்பும்போது மட்டும் பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.